முன்தேதியிட்ட அம்புகள்

என் அண்ணன் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்த வருடம் அது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அரிமளத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், சாப்பிட உட்காரும் முன்பே போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இங்க பாரு புள்ள. பச்சை அம்பு எங்க விழுந்திருக்கு, அதுக்கப்புறம் வெல எங்க போயிருக்குன்னு பாரு. ஒரு எடத்துல தப்பியிருக்கா, சொல்லு.”

திரையில் ஒரு பங்கின் விலைப்படம். ஏறி இறங்கிப் போகிற அந்தப் படத்தில் ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் ஒரு பச்சை அம்பு நின்றது. ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் ஒரு சிவப்பு அம்பு. பச்சையில் வாங்கு, சிவப்பில் விற்று விடு. ஓர் அம்புகூட நடுவழியில் தடுமாறி நிற்கவில்லை.

போனை வாங்கி விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோபம் பிறகுதான் வந்தது. அம்புக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில், ‘விலை கோட்டைத் தாண்டியது’ என்று தமிழில் எழுதியிருந்தது. அந்த வாக்கியத்தை எழுதியவள் நான்.

நான் பார்க்கும் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் சுருக்கமாகச் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. “கம்ப்யூட்டர்ல என்னமோ மணியடிக்க வெக்கிறா” என்பது என் மாமியார் கேட்பவர்களுக்குச் சொல்லும் விளக்கம். அது ஏறக்குறைய சரிதான். பங்கு வாங்கி விற்பவர்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை திரையையே முறைத்துக்கொண்டு இருக்க முடியாது. இன்ன விலையைத் தாண்டினால், அதுவும் வழக்கத்தைவிட அதிகம் பேர் வாங்கும்போது தாண்டினால், என்னைக் கூப்பிடு என்று சொல்லிவைக்க அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள், விலைப்படம் வரையும் சார்ட் மென்பொருள். அதற்குப் புரிகிற மாதிரி ஃபார்முலா எழுதிக் கொடுப்பவள் நான். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தேன். பிள்ளை பிறந்து, கணவருக்கு இங்கே கால்நடை மருந்தகத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு, வீட்டில் இருந்தபடி செய்வதற்கு இந்த வேலை அமைந்தது.

ஃபார்முலா எழுதுவது பெரிய காரியம் இல்லை. அது பொய் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் பெரிய காரியம். ஒரு கம்பெனி தன் பங்கை இரண்டாகப் பிரித்தால் மறுநாள் காலையில் விலை பாதியாகத் தெரியும். விவரம் சொல்லி வைக்காத ஃபார்முலா, ஐயோ சரிந்தது சரிந்தது என்று அலறும். எங்கள் ஊரில் கரண்ட் போய் வந்தால் நடுவில் கொஞ்ச நேரத்து விலை வந்து சேராமல் போயிருக்கும். அந்த இடைவெளியை ஃபார்முலா ஒரே தாவலாக எடுத்துக்கொண்டு மணியடிக்கும். சார்ட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் விழும், கேண்டில் என்பார்கள். அந்தக் கட்டம் முடிவதற்குள் விலை கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவதும் உண்டு. மணி கேட்டு ஓடி வந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே நடந்திருக்காது. அதனால் என் ஃபார்முலாக்களில் எல்லாம், கேண்டில் முடிந்த பிறகுதான் பேச வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்திருப்பேன்.

இதையெல்லாம் பிடிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய நாள் ஒன்றை எடுத்து, அடுத்து வரப்போவதை மறைத்துவிட்டு, ஒவ்வொரு கேண்டிலாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ரீப்ளே என்று பெயர். அன்றைக்கு அந்த நிமிடத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு என்ன தெரிந்திருக்குமோ அது மட்டும்தான் நமக்கும் தெரியும். ஃபார்முலா அப்போது சரியாகப் பேசினால் சரி. முழுப்படத்தையும் விரித்துவைத்துக்கொண்டு, ஆகா எவ்வளவு பொருத்தம் என்று வியப்பதில் ஒரு பிரயோசனமும் கிடையாது.

அண்ணனுடைய போனில் பார்த்த ஃபார்முலாவை நான் யாருக்கு எழுதிக் கொடுத்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. புதுக்கோட்டையில் ஒரு டைல்ஸ் கடை மாடியில் பங்குச் சந்தைப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர் அவர். என் கணவரோடு வேலை பார்ப்பவர் ஒருவர் மூலமாக எங்களைத் தெரிந்துகொண்டு, மடிக்கணினியோடு வீட்டுக்கே வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு. என்னை மேடம் என்று கூப்பிட்டாலும் பேச்சு முழுவதையும் என் கணவரைப் பார்த்தே பேசினார்.

“சார், மேடத்துக்கிட்ட சொல்லுங்க. விலை ஒரு கோட்ட தாண்டுனா அம்பு விழணும், சத்தம் வரணும். அவ்வளவுதான்.”

என் கணவருக்கு மாட்டுக்கு ஊசி போடத் தெரியும், கன்று ஈனப் பார்க்கத் தெரியும். சார்ட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் என்னைக் கை காட்டி, “அவகிட்டயே சொல்லுங்க சார், எனக்கு இது வெளங்காது” என்றார். அப்படியும் வந்தவருடைய பார்வை என் பக்கம் திரும்பவில்லை.

எழுதிக் கொடுத்தேன். சோதித்துக் காட்டினேன். நான் எழுதியது சாதாரண ஃபார்முலா. பாதிக்குமேல் சரியாக வரும், மற்ற நேரம் தப்பும். உலகத்தில் நேர்மையாக எழுதப்பட்ட எந்த ஃபார்முலாவும் அப்படித்தான். அம்பு விழும்போது திரையில் தெரிவதற்காக இரண்டு வாக்கியம் வைத்தேன். ‘விலை கோட்டைத் தாண்டியது. இது தப்பாகவும் போகலாம், பார்த்துச் செய்யவும்.’

அடுத்த வாரமே போன் செய்தார்.

“மேடம், நல்லாருக்கு. ஆனா தப்பான அம்பும் விழுதே. தப்பான அம்ப மட்டும் எடுத்துருங்களேன்.”

“தப்புன்னு பின்னாடிதாங்க தெரியும். விழும்போதே தெரிஞ்சா விழ விட்டிருக்க மாட்டேனே.”

“அதான் மேடம் சொல்றேன். பின்னாடி தெரியுதுல்ல? தெரிஞ்சதும் எடுத்துருங்க. பழைய சார்ட்டுல பாக்கும்போது தப்பு ஒண்ணும் இருக்கக் கூடாது. வர்றவங்க பாக்குறது பழைய சார்ட்டத்தானே.”

நான் சரியாகத்தான் கேட்டேனா என்று ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. அந்த மனுசர் கூச்சமே இல்லாமல், உப்பு ஒரு கல் கம்மி என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

“அது ஏமாத்து வேலைங்க. நான் செய்ய மாட்டேன்” என்றேன்.

“பெரிய வார்த்தையெல்லாம் எதுக்கு மேடம். ப்ரசண்டேஷன்தானே” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அதோடு அந்த ஆளை மறந்திருந்தேன்.

இப்போது அண்ணன் கையில் அதே ஃபார்முலா. என் இரண்டு வாக்கியங்களில் முதலாவது மட்டும் இருந்தது. தப்பாகவும் போகலாம் என்று நான் எழுதியதை வெட்டி எறிந்திருந்தார்கள்.

“இத யாருண்ணே குடுத்தா?” என்று கேட்டேன்.

“எங்க சார்தான். டவுன்ல கிளாஸு போறேன்னு சொன்னேன்ல. இது அவரு சொந்தமா கண்டுபிடிச்சதாம். பல வருச உழைப்புன்னு சொன்னாரு. வெளிய யாருக்கும் குடுக்க மாட்டாரு, கிளாஸு முடிச்சவங்களுக்கு மட்டுந்தான்.”

சோற்றைப் போட்டுக்கொண்டிருந்த நான் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டேன்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தவர். கண்ணாடி பதித்த உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கம் தொங்கும் கூண்டில் நின்று வேலை பார்த்தவர். முட்டி தேய்ந்து போனதால் திரும்பி வந்தார். விவசாயம் அவருக்குப் பிடிபடவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தபோது இந்த வகுப்பின் விளம்பரம் போனில் வந்தது. தங்கை இதே துறையில் இருக்கிறாளே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றவில்லை. நான் வீட்டில் மணியடிக்கிறவள். வகுப்பு எடுப்பவரோ கோட் போட்டு மைக் பிடிக்கிறவர்.

“அண்ணே, திங்கக்கிழமை காலைல மார்க்கெட் நேரத்துல லேப்டாப்ப எடுத்துக்கிட்டு இங்க வாங்க. நான் ஒண்ணு காட்டணும்” என்றேன்.

வந்தார். சமையலறைக்குப் பக்கத்து அறையில் இருவரும் உட்கார்ந்தோம். அவர் வழக்கமாகப் பார்க்கும் பங்கைத் திறந்துவைத்தார். விலை இறங்கிக்கொண்டே வந்தது. பச்சை அம்பு எதுவும் விழவில்லை. பிறகு விலை திரும்பியது. ஏறியது. இன்னும் ஏறியது. அம்பு இல்லை. பிள்ளைக்குப் பால் கலக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்போதுதான் டொய்ங் என்று சத்தம் வந்தது. பச்சை அம்பு விழுந்தது, ஆனால் இப்போதிருக்கிற விலையில் விழவில்லை. கடந்துபோன பள்ளத்தின் அடியில், ஏதோ அப்போதே விழுந்து கிடந்த மாதிரி போய் நின்றுகொண்டது.

“பாத்தீங்களா? இப்ப வந்த அம்பு எங்க போயி நிக்குது?”

அண்ணன் திரையையே பார்த்தார். “அது நெட்டு ஸ்லோ புள்ள. சார் சொல்லியிருக்காரு. கிராமத்துல நெட்டு ஸ்லோவா இருக்கும், சிக்னல் லேட்டாத்தான் வரும்னு.”

“நெட்டு ஸ்லோன்னா வெலயும் லேட்டால்ல வரணும்? வெல மட்டும் டயத்துக்கு வருது, அம்பு மட்டும் பஸ்ஸ விட்டுட்டு நடந்து வருதா?”

நான் ஃபார்முலாவின் நகல் ஒன்றை என் மடிக்கணினிக்கு அனுப்பிக்கொண்டு, திறந்து பார்த்தேன். பூட்டிக்கூட வைக்கவில்லை, அவ்வளவு அலட்சியம். இந்த மென்பொருளில் முந்தைய கேண்டிலைப் பார் என்று சொல்ல எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட வேண்டும். அந்தக் குறி இல்லாவிட்டால் அடுத்து வரப்போகும் கேண்டிலைப் பார் என்று அர்த்தம். நான் போட்டிருந்த கழித்தல் குறிகளை எல்லாம் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். எனவே அந்த ஃபார்முலா இனிமேல் வரப்போகும் விலையைப் பார்த்துவிட்டு வந்து, பழைய இடத்தில் அம்பைக் குத்தியது. பழைய சார்ட்டில் எல்லாமே நடந்து முடிந்த சமாச்சாரம், அங்கே அது கடவுள் மாதிரி தெரியும். இன்றைய சந்தையில் அதற்கு ஒன்றும் தெரியாது. நடந்து முடியும் வரை காத்திருந்து, பிறகு முன்தேதி போட்டு அம்பு வைக்கும்.

இதை அண்ணனுக்கு விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டார். கடைசியில் மடிக்கணினியை மூடிக்கொண்டு, “சார்கிட்ட கேட்டுப் பாக்குறேன்” என்றார்.

“எதக் கேப்பீங்க? ஏமாத்துனீங்களான்னு கேப்பீங்களா?”

“நீ சும்மா இரு புள்ள. அவரு அப்பிடிப்பட்ட ஆளு இல்ல. ஒனக்குத் தெரியாதது ஏதாச்சும் இருக்கும்.”

எனக்குத் தெரியாததாம். நான் எழுதிய ஃபார்முலாவில்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. அந்த வகுப்பின் விளம்பரத்தைத் தேடிப் பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில் இலவச அறிமுக வகுப்பு. ‘தவறாத அம்பு’ என்று பெரிய எழுத்தில் போட்டு, என் ஃபார்முலா வரைந்த சார்ட்டைப் பின்னணியில் வைத்திருந்தார்கள்.

நான் போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். அவர் தடுக்கவில்லை. பைக்கில் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். ஆனால் மண்டப வாசலில் இறக்கிவிடும்போது, “கேக்குறத கேளு. கொரல மட்டும் ஒசத்தாத, நாலு பேரு ஒரு மாதிரி பேசுவாங்க” என்றார். மேடையில் நின்று பொய் சொல்கிறவனுக்கு மைக் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கீழே நின்று உண்மையைக் கேட்கப்போகிறவளுக்கு, குரலை அடக்கு என்று வீட்டிலிருந்தே புத்திமதி. அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

ஹால் நிறைந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள், பென்சன் வாங்குகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், பெண்களும் கொஞ்சம் பேர். மூன்றாவது வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பழைய மாணவர்களும் வந்து கைதட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பயிற்சியாளர் சார்ட் மேல் சார்ட்டாக ஓட்டினார். பள்ளத்தில் பச்சை, மேட்டில் சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் ஆ என்று ஒரு சத்தம் எழுந்தது. பிறகு அவர் சொன்னதைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

“அம்பு தப்பாது. தப்புறது மனுசந்தான். என்கிட்ட படிச்சவங்கள்ல சில பேரு நஷ்டப்பட்டாங்க. ஏன்? அம்பு விழுந்தப்ப பயந்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. வெல ஏறுனப்புறம் ஓடிப்போயி வாங்குனாங்க. பயந்தவனுக்கு மார்க்கெட் கிடையாது. இங்கயே இருக்காங்க, அவங்களுக்கே தெரியும்.”

சொல்லிக்கொண்டே மூன்றாவது வரிசையைப் பார்த்துச் சிரித்தார். கூட்டமும் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் நஷ்டப்பட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

விழாத அம்பைப் பார்த்து எவன் வாங்க முடியும்? பின்னால் வந்து விழுந்த அம்பைக் காட்டி, அப்போதே விழுந்தது, நீதான் பயந்தாய் என்று ஒரு மனுசனை ஊரார் முன்னால் நம்பவைப்பது எவ்வளவு பெரிய அக்கிரமம். பணம் போனால் போகட்டும். அண்ணன் தன்னைப் பற்றி வைத்திருந்த எண்ணத்தையே அந்த ஆள் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து நின்றேன்.

“இந்த சார்ட்ட ரீப்ளே போட்டுக் காட்டுங்க. ஒவ்வொரு கேண்டிலா ஓட விடுங்க. அம்பு எப்ப விழுதுன்னு எல்லாரும் பாக்கட்டும்.”

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகம் ஒரு கணம் வெளுத்தது. உடனே சிரிப்பு திரும்பிவிட்டது.

“நல்ல கேள்வி மேடம். ஆனா இந்த சாஃப்ட்வேர்ல அந்த வசதி கிடையாது.”

“இருக்கு. மேல வலது பக்கம் ஓட விடுற பட்டன் இருக்கு பாருங்க. நான் வந்து அழுத்தட்டுமா?”

முன்வரிசையில் ஒரு பெண்மணி, அரிசிக் கடை வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது, திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்து, “போட்டுத்தான் காட்டுங்களேன் தம்பி. ஒரு பட்டனுதானே” என்றார்.

பயிற்சியாளர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். “எல்லாருக்கும் ஒரு விசயம் சொல்லிர்றேன். இந்த மேடம் எங்கிட்ட வேல கேட்டு வந்தவங்க. நான் குடுக்கல. அந்தக் கோவம். பரவாயில்ல, நாம கிளாஸ கவனிப்போம்.”

என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து என் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டு எழுதி வாங்கிப் போனவர் சொல்கிறார், நான் வேலை கேட்டுப் போனேன் என்று.

“நாந்தான் இந்த ஃபார்முலாவ எழுதுனேன்!” என்று கத்தினேன். ஆமாம், குரலை உயர்த்தித்தான் கத்தினேன். “இதுல தப்பாவும் போகலாம்னு எழுதியிருந்தேன். அத அழிச்சிட்டாரு. வரப்போற வெலய பாத்துட்டு வந்து பழைய எடத்துல அம்பு வெக்கிற மாதிரி மாத்திட்டாரு. ஒங்க யாருக்கும் நேரத்துல அம்பு விழுந்திருக்காது. நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க, விழுந்துச்சா?”

பழைய மாணவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர், “ஏம்மா, இஷ்டமில்லன்னா போங்க. எங்க டயத்த ஏன் கெடுக்குறீங்க” என்றார். இன்னொருவர், “படிக்க வந்த எடத்துல என்ன கலாட்டா” என்றார். இரண்டு இளைஞர்கள் என் பக்கம் வந்து, வெளியே போங்க அக்கா என்று மரியாதையாகச் சொன்னார்கள். ஏமாறப்போகிறவர்களே என் மேல் கோபப்பட்டார்கள். அவர்கள் தவறாத அம்பை நம்பி வந்தவர்கள். அதை அவர்கள் கையிலிருந்து பறிக்க வந்தவளாக நான் தெரிந்தேன்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்து மண்டபத்துச் சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் நின்றேன். அங்கே பைக்கோடு காத்திருந்த கணவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். உள்ளே கத்தியது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அந்த அரிசிக் கடைக்காரப் பெண்மணி மட்டும் வெளியே வந்தார்.

“எனக்குக் காட்டுங்க. அது என்ன ரீப்ளே?”

பைக்கில் மாட்டியிருந்த பையிலிருந்து என் மடிக்கணினியை எடுத்து, சீட்டின் மேல் வைத்து ஓட்டிக் காட்டினேன். அம்பு பின்னால் போய் நிற்பதைப் பார்த்துவிட்டு அவர் திரும்ப ஒருமுறை ஓட்டச் சொன்னார். பிறகு, “நேத்து மழை பேஞ்சதுன்னு இன்னிக்கி ஜோசியம் சொல்ற மாதிரில்ல இருக்கு” என்று சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அத்தனை பேர் இருந்த ஹாலில் அன்றைக்கு எனக்குக் கிடைத்தது அந்த ஒருவர்தான்.

அதற்குப் பிறகு அண்ணன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மதினிதான் போன் செய்து, “எதுக்கு ஆத்தா இந்த வம்பு? ஒங்கண்ணன் வெளிய தல காட்ட மாட்டேங்குறாக” என்று வருத்தப்பட்டார். தலை குனிய வேண்டியவர் டைல்ஸ் கடை மாடியில் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் வாரியத்துக்கு நான் இணையத்தில் புகார் ஒன்று எழுதிப் பதிந்தேன். என் மூல ஃபார்முலாவையும் மாற்றிய ஃபார்முலாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரீப்ளே ஓடுவதைப் படமாகவும் எடுத்துச் சேர்த்தேன். பதிலுக்கு இன்னும் காத்திருக்கிறேன்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு நாள் அண்ணன் வந்தார். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, மடிக்கணினிப் பையை மேசை மேல் வைத்தார்.

“அந்த ரீப்ளே எப்பிடிப் போடுறது?”

காட்டிக் கொடுத்தேன். உட்கார்ந்தார். தான் நஷ்டப்பட்ட ஒவ்வொரு நாளையும் தேடி எடுத்தார். நாள் எல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. ஒவ்வொன்றையும் ஆரம்பத்திலிருந்து ஓட்டினார். விலை பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்னால் சாய்ந்து பார்ப்பார். அம்பு வராது. விலை ஏறி முடித்த பிறகு அம்பு பின்னால் போய் நிற்கும். அப்போது விரலால் மேசையை ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டு எனக்குச் சமையலறைவரை கேட்டது. காபி கொண்டுபோய் வைத்தேன், ஆறிப்போனது.

சாயங்காலம் மழை விட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

“என்னைய பயந்தாங்கொள்ளின்னாரு புள்ள. எல்லாரு முன்னாடியும்.” மடிக்கணினியைத் தள்ளி வைத்தார். “நானும் அதத்தான் நம்பிக்கிட்டிருந்தேன். அத்தன ஒசரத்துல காத்துல தொங்கிக்கிட்டு வேல பாத்தவன், ஒரு பட்டன அமுக்கப் பயந்துட்டேனேன்னு. மார்க்கெட் நேரத்துல கையி வேர்க்கும். அம்பு விழுந்ததக் கவனிக்காம விட்டுட்டமோ, கண்ணு தெரியலையோன்னு டாக்டர்கிட்டகூடப் போயி வந்தேன்.”

கண் மருத்துவரிடம் போய் வந்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த ஃபார்முலாவில் கழித்தல் குறியை நீக்க ஒரு நொடி போதும். அதற்காக ஒருவர் தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்.

“ஒங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லண்ணே. அம்பு விழவே இல்ல” என்றேன்.

“தெரியுது” என்றார்.

இது நடந்த கொஞ்ச நாளில் அந்தப் பயிற்சியாளர் எனக்குப் போன் செய்தார் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் செய்தார். அதே மெதுவான குரல்.

“மேடம், அன்னிக்கி நடந்தத மனசுல வெச்சுக்காதீங்க. பிசினஸ்ல சகஜம். புதுசா ஒரு ஃபார்முலா வேணும். ஒங்கள மாதிரி சுத்தமா எழுத ஆளு கெடைக்கல.”

என் வேலையின் சுத்தம் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தெரியாமல் கெடுத்தவர் இல்லை, தெரிந்தே கெடுத்தவர்.

“ஒங்க கிளாஸ்ல படிச்ச ஒருத்தரு கண்ணு டாக்டர்கிட்ட போயிட்டு வந்தாரு, தெரியுமா ஒங்களுக்கு?” என்று கேட்டேன்.

“புரியல மேடம்.”

“புரியாது” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இன்னும் எவ்வளவோ கேட்டிருக்கலாம் என்று பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் நாள் முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது.

வகுப்பு இப்போதும் நடக்கிறது. அம்பின் பெயரையும் நிறத்தையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். போன மாதம் மறுபடியும் ஓர் இலவச அறிமுக வகுப்பு. அன்று பிற்பகல் அண்ணனிடமிருந்து போன் வந்தது. பின்னணியில் பஸ் ஹாரனும் டீ ஆற்றும் சத்தமும் கேட்டது.

“கேட்டுட்டேன் புள்ள.”

“எத?”

“எந்திரிச்சு நின்னு, ரீப்ளே போட்டுக் காட்டுங்கன்னு கேட்டேன். நான் இங்க படிச்சவன், இவரு பயந்தாங்கொள்ளின்னு சொன்னது என்னையத்தான்னும் சொன்னேன். வெளிய போகச் சொல்லிட்டாங்க.”

“அடிச்சாங்களா?”

“அதெல்லாம் இல்ல. ஆனா எம்பின்னாடியே ரெண்டு பேரு எந்திரிச்சு வந்துட்டாங்க. ஒருத்தரு விராலிமலைப் பக்கம், இன்னொருத்தரு கொடும்பாளூராம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில உக்காந்திருக்கோம். அவங்ககிட்ட லேப்டாப்பு இருக்கு. அந்தப் பட்டன் மேல எந்தப் பக்கம்னு சொன்ன? எனக்கு இங்க வெயில்ல சரியாத் தெரியல. இந்தா, போன ஸ்பீக்கர்ல போடுறேன், நீயே சொல்லு.”

அடுப்பை அணைத்துவிட்டு, வலது பக்க மூலையிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். நன்றாகக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தியே சொன்னேன்.